‘ஆ’ காட்டு, பிரிட்டன்!

நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண வீடு வீடாக ஆள் வருவது உங்களுக்குத் தெரியும். எத்தனை பல் இருக்கிறது என்று எண்ண ஆள் வந்தால் எப்படி இருக்கும்?

பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டு அப்படித்தான் வந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டு பகுதிகளிலும் ஏழை, பணக்காரர், ஊர், நகரம் என்று பார்க்காமல் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பல் டாக்டர்கள் அவர்கள் வீட்டுக்கே போனார்கள். 16 வயது தாண்டிய பெரியவர்களை உட்காரவைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, ஒவ்வொரு பல்லாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். மேல் வலது ஆறு (நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல்), நன்றாக இருக்கிறது. மேல் வலது ஐந்து, சொத்தை. நான்கு, பிடுங்கியாகிவிட்டது. இப்படியே வாயைச் சுற்றி ஒரு வலம்.

பல வீடுகளில் இந்த வேலை சீக்கிரமே முடிந்துபோனது. எண்ணுவதற்குப் பல்லே இல்லை! கூட்டிக் கழித்துப் பார்த்தபோது 100 பேரில் 37 பேருக்குச் சொந்தப் பல் என்று ஒன்றுகூடக் கிடையாது. வயதானவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 35 வயதிலிருந்து 44 வயதுக்குள் இருந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வாய் காலி. ஒலியை மிஞ்சும் கன்கார்டு விமானத்தைப் பறக்கவிடத் தயாராகிக்கொண்டிருந்த நாடு அது. அங்கே ஒரு பெருங்கூட்டம் இரவில் பல்லைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டுத் தூங்கியது.

இதே கணக்கை 2009-இல் மறுபடி எடுத்தார்கள். இப்போது 100-க்கு 6 பேர்தான். நடுவில் என்ன நடந்தது? அதைச் சொல்வதற்கு முன் 37 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். கதையில் சுவை அதிகம் அந்தப் பாதியில்தான். இனிப்பும் அதிகம்.

நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல். அதில் 100-க்கு 96 பங்கு தாதுப்பொருள். எலும்பே மட்கினாலும் பல் மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அதனால் பழைய கல்லறைகளைத் தோண்டுகிற ஆய்வாளர்களுக்குப் பல் ஒரு பொக்கிஷம். இங்கிலாந்தில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மண்டையோடுகளைப் பார்த்தால் பற்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. கல் திரிகையில் அரைத்த மாவில் கல்பொடியும் சேர்ந்து வந்த விளைவு அது. ஆனால் சொத்தை குறைவு. இருக்கிற கொஞ்சமும் ஈறை ஒட்டிய இடத்தில்தான். 19-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக்கு வாருங்கள். சொத்தை பெருகிவிட்டது, இடமும் மாறிவிட்டது. கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பில் உள்ள பள்ளங்களிலும், இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள சந்திலும் ஓட்டை. புதிதாக ஏதோ ஒன்று வாய்க்குள் வந்து தங்கியிருக்கிறது என்பதற்கு இது துப்பு.

வந்தது சர்க்கரைதான். முதலில் அது அரசர் வீட்டுப் பண்டமாக இருந்தது. முதலாம் எலிசபெத் ராணியை 1598-இல் நேரில் பார்த்த ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியப் பயணி, ராணியின் பல் கறுத்திருந்தது என்றும், ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அள்ளித் தின்பதுதான் காரணமாக இருக்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் சொத்தைப் பல் வைத்திருக்கவே பணக்காரராக இருக்க வேண்டும்!

பிறகு விலை இறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 8 கிலோ சர்க்கரை தின்றார். அந்த நூற்றாண்டு முடியும்போது சுமார் 40 கிலோ. 1874-இல் சர்க்கரை மீதான வரியையே எடுத்துவிட்டார்கள். 40 கிலோவை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 110 கிராம் அளவு வரும். பெரியவர்களுக்கே 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. தேநீரில் சர்க்கரை, ரொட்டி மேல் ஜாம். ஆலையில் வேலை செய்த ஏழைத் தொழிலாளிக்குப் பசியடக்க மலிவாகக் கிடைத்தது அதுதான்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. அடிமை முறையை ஒழித்த பிறகு தோட்டக்காரர்கள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். மொரிசியஸுக்கும், 1860-இலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், பின்னர் பிஜிக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் கரும்பு வெட்டப் போனார்கள். ஐரோப்பாவில் பீட்ரூட்டின் உறவான ஒரு கிழங்கிலிருந்தும் சர்க்கரை காய்ச்ச ஆரம்பித்தார்கள். சரக்கு குவிந்ததும் விலை சரிந்தது.

சரி, சர்க்கரை எப்படிப் பல்லை அரிக்கிறது? பல்லுக்குள் பூச்சி இருக்கிறது என்று உலகின் பல மூலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்பினார்கள். நம் பாட்டிமாரும் சொல்வார்கள். அந்தப் பூச்சியை யாரும் பிடித்துக் காட்டியதில்லை. 1890-இல் பெர்லினில் இருந்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் சரியான வழியைக் காட்டினார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்றார். 1924-இல் லண்டனில் கிளார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர். சர்க்கரை கிடைத்தால் போதும், பசைபோன்ற ஒன்றைச் செய்து பல்லோடு ஒட்டிக்கொண்டு அமிலம் காய்ச்ச ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்தவுடன் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும் இல்லையா? அதற்குள்தான் இவை குடியிருக்கின்றன.

நாம் ஒரு மிட்டாயைச் சப்பிய சில நிமிடங்களிலேயே அந்தப் படலத்தில் அமிலம் ஏறிவிடுகிறது. அமிலத்தை அளக்கும் பிஹெச் அளவுகோலில் எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். எண் 5.5-க்குக் கீழே போனால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தைத் தணிக்கும். கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து பூசவும் செய்யும். ஆம், எச்சில் ஒரு கொத்தனார்! ஆனால் இந்தக் கொத்தனாருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். பூசி முடிப்பதற்குள் இன்னொரு மிட்டாய் வந்து விழுந்தால் சுவர் மறுபடி இடியும். அதனால்தான் எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பது முக்கியம். நான்கு மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் தின்பவனைவிட, அதே நான்கை ஒரு மணிக்கு ஒன்றாகச் சப்புகிறவன் பல் சீக்கிரம் போகும். தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும். இரவு பல் துலக்கிய பிறகு பிஸ்கட் கேட்டால் அம்மா ஏன் கண்ணை உருட்டுகிறார் என்பது இப்போது புரியும்.

வீட்டில் பார்க்க ஆசையா? முட்டை ஓட்டை வினிகரில் போட்டு ஓரிரு நாள் வையுங்கள். ஓடு எனாமல் இல்லை, அதைவிட எளிதில் கரைகிற வேறொரு கால்சியப் பொருள். ஆனாலும் கல்போன்ற ஒன்றை அமிலம் எப்படிச் சத்தமில்லாமல் கரைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர்கள் என்ற டச்சு வழிக் குடியேறிகளோடு பிரிட்டனுக்குப் போர் மூண்டது. சண்டைக்கு ஆள் எடுத்தபோது பல் மோசம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். போனவர்களிலும் பலரால் படையில் கொடுத்த கெட்டி பிஸ்கட்டைக் கடிக்க முடியவில்லை. உலகத்தையே கட்டியாண்ட பேரரசு, தன் சிப்பாயின் வாயைப் பார்த்துக் கவலைப்பட்டது.

ஆனால் அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். சொத்தையை அடைத்துப் பல்லைக் காப்பாற்றுவதற்குப் பதில், பல்லையே ஒழித்துவிட்டால் தொல்லை விட்டது என்று மக்கள் முடிவு கட்டினார்கள். மருத்துவர்களும் ஒத்து ஊதினார்கள். மூட்டு வலியிலிருந்து சோகை வரை பல நோய்களுக்குக் கெட்ட பல்தான் வேர் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கொள்கை பரவியிருந்தது. அதை நம்பி நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். பிரிட்டனின் சில பகுதிகளில் பெண்ணுக்கு 21 வயது நிறையும்போதோ கல்யாணத்துக்கு முன்போ எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு முழு பல்செட் வாங்கிக் கொடுப்பது ஒரு பரிசாகவே இருந்தது! பின்னால் கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு வைக்கமாட்டாள் என்பது கணக்கு. சீர்வரிசையில் பல்செட் வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

1948 ஜூலை 5 அன்று எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார்கள். பல் டாக்டர் வாசலில் கூட்டம் அலைமோதியது. பல்லாண்டுகளாக வலியை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பல்செட் செலவு அரசு போட்ட கணக்கைத் தாண்டிப் போனது. 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வாங்குவது என்று அரசு முடிவு செய்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் ‘இலவசம் என்றால் இலவசம்தான்’ என்ற பிடிவாதத்தில் மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார். பல்செட்டுக்காக ஒரு மந்திரி பதவி போனது!

இதற்கு நடுவே ஒரு வேடிக்கையான பரிசோதனை, யாரும் திட்டமிடாமல், தானாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன். 1942-இல் மிட்டாய், சாக்லேட்டுக்கும் ரேஷன். மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரி வரை நீடித்தது. லண்டனில் 5 வயதுக் குழந்தைகளின் பற்களை மே மெலன்பி என்ற பெண் விஞ்ஞானி 1929-இலேயே சோதித்திருந்தார். 1940-களில் அதே வயதுக் குழந்தைகளைச் சோதித்தபோது பற்கள் முன்னைவிட நன்றாக இருந்தன. குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் பல் தேறியிருக்கிறது!

காரணம் சர்க்கரை குறைந்ததுதானே என்பீர்கள். மெலன்பி அப்படிச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் அரசு குழந்தைகளுக்குப் பாலும் மீன் எண்ணெயும் கொடுத்தது, அதிலுள்ள கால்சியமும் வைட்டமின் டி-யும்தான் காரணம் என்றார். யார் சொல்வது சரி? இந்த இடத்தில் ஜப்பானைப் பாருங்கள். போருக்கு முன் அங்கே ஒருவர் ஆண்டுக்குத் தின்ற சர்க்கரை 15 கிலோ அளவில் இருந்தது. 1946-இல் அது கால் கிலோவுக்கும் கீழே போனது. அங்கே கூடுதல் பாலும் இல்லை, மீன் எண்ணெயும் இல்லை. பஞ்சம்தான். இருந்தும் குழந்தைகளின் சொத்தை குறைந்தது, பின்னர் சர்க்கரை திரும்பி வந்தபோது சொத்தையும் திரும்பி வந்தது. மெலன்பி சொன்ன சத்துகள் பல் வளர உதவும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வழக்கில் தீர்ப்பு சர்க்கரைக்கு எதிராகத்தான் போகிறது.

ரேஷன் போனது. 1973-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிப் பிள்ளைகளின் வாயை எண்ணினார்கள். இந்தக் கணக்குக்கு வழக்கமாக 12 வயதுக் குழந்தைகளைப் பிடிப்பார்கள். அந்த வயதில் பால்பல் பெரும்பாலும் விழுந்து நிலைப்பற்கள் வந்திருக்கும். சொத்தையான பல், சொத்தையால் பிடுங்கிய பல், அடைத்த பல் மூன்றையும் கூட்டு. எத்தனை குழந்தைகளோ அத்தனையால் வகு. 1973-இல் வந்த விடை ஏறக்குறைய 5. அதாவது வந்து சில ஆண்டே ஆன பற்களில் சராசரியாக ஐந்து பழுது. 12 வயதில் வாயே கெடாத குழந்தை 10 பேரில் ஒருவர்கூட இல்லை. 2003-இல் அதே கணக்கில் விடை ஒன்றுக்கும் கீழே!

இந்த முப்பது ஆண்டில் பிரிட்டன் பிள்ளைகள் மிட்டாயை விட்டுவிட்டார்களா? அதெல்லாம் இல்லை. மாறியது பேஸ்ட். 1970-களில் அங்கே விற்ற பற்பசைகளில் பெரும்பாலானவற்றில் ஃபுளோரைடு சேர்ந்துவிட்டது. வீட்டில் யாரும் புதிதாக எதையும் செய்யவில்லை. அதே கடை, அதே பிரஷ். டியூபுக்குள் இருந்தது மட்டும் வேறு.

ஃபுளோரைடின் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போன மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் காப்பிநிறக் கறை இருப்பதைப் பார்த்தார். பார்க்க அசிங்கம், ஆனால் அந்தப் பற்களில் சொத்தை குறைவு. காரணம் குடிதண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்று கண்டுபிடிக்க 30 ஆண்டுகள் ஆயின. கறை விழாத அளவுக்குக் கொஞ்சமாக இருந்தால் நல்லது மட்டும் கிடைக்குமா என்று 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத் தண்ணீரில் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. பிரிட்டனின் பர்மிங்காம் நகரம் 1964-இல் தன் தண்ணீரில் சேர்த்தது. எனாமல் திரும்பப் பூசப்படும்போது பக்கத்தில் ஃபுளோரைடு இருந்தால், அதையும் சேர்த்துக்கொண்டு முன்னைவிடக் கெட்டியாகிறது. 5.5-இல் கரைந்த பரப்பு, இப்போது 4.5 வரை தாக்குப்பிடிக்கிறது.

‘கொஞ்சமாக’ என்பதை மறந்துவிடாதீர்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பூமிக்கடியில் உள்ள பாறைகளே ஃபுளோரைடைத் தண்ணீரில் அளவுக்கு மேல் கலந்துவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் அதே பழுப்புக் கறை. ஆண்டுக் கணக்கில் குடித்தால் எலும்பையும் வளைக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அங்கே ஃபுளோரைடைக் குறைப்பதுதான் வைத்தியம்.

பிரிட்டன் கதை இதோடு சுபம் போட்டு முடியவில்லை. ஏனென்றால் சராசரி என்பது கொஞ்சம் பொய் சொல்லும். 2013-இல் 12 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 34 பேருக்குத்தான் நிலைப்பல்லில் சொத்தை வந்த அடையாளம் இருந்தது. மீதி 66 பேர் சுத்தம். ஆக, பழுதெல்லாம் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் தலையில் குவிந்து கிடந்தது. அவர்கள் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் 5 வயதிலிருந்து 9 வயது வரை உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணம் காய்ச்சலும் இல்லை, கை ஒடிந்ததும் இல்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுதான்! மயக்க மருந்து கொடுத்து ஒரே நேரத்தில் பல பற்களை எடுக்க வேண்டியிருக்கிறது.

2018 ஏப்ரலில் சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானங்களுக்கு வரி போட்டார்கள். 100 மில்லியில் 5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி. இரண்டு ஆண்டு முன்பே அறிவித்துவிட்டதால் பல கம்பெனிகள் வரி வருவதற்குள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. 1874-இல் சர்க்கரை மீதான வரியையே எடுத்த அதே நாடுதான் இது!

எனக்கு இதைவிடப் பிடித்தது ஸ்காட்லாந்து செய்த வேலை. ஏழை வீட்டில் பிரஷ் இருக்குமா, ராத்திரி துலக்கச் சொல்ல ஆள் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்காமல், பல் துலக்குவதையே பாலர் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘சைல்டுஸ்மைல்’ என்ற அந்தத் திட்டம் 2006-இல் தொடங்கியது. வகுப்பில் ஒரு தாங்கி. அதில் ஒன்றோடொன்று உரசாமல் பிரஷ்கள். எழுதப் படிக்கத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு பிரஷிலும் ஒரு படம். ஆசிரியர் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்கமாட்டார். எல்லோரும் சேர்ந்து துலக்குவார்கள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காகிதத் துண்டில் துப்பிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். 2003-இல் முதல் வகுப்புக்கு வந்த ஸ்காட்லாந்துக் குழந்தைகளில் சொத்தை இல்லாதவர்கள் 100-க்கு 45 பேர். 2020-இல் 73 பேருக்கும் மேல். ஏழைப் பிள்ளைகளின் பற்களும் தேறின, ஆனால் பணக்காரப் பிள்ளைகளை இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை.

வாய் கொப்புளிக்காமல் போகிறார்களே, சீ என்கிறீர்களா? அது வேண்டுமென்றே செய்வது. ஃபுளோரைடு பல்லின் மேல் கொஞ்ச நேரம் தங்கினால்தான் வேலை செய்யும். துலக்கி முடித்தவுடன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கொப்புளித்தால் காசு கொடுத்து வாங்கியதைச் சாக்கடையில் விட்ட மாதிரி ஆகிவிடும். நுரையைத் துப்பினால் போதும். விழுங்கவும் கூடாது.

உங்கள் வீட்டு டியூபை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஃபுளோரைடு அளவு போட்டிருக்கும், பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற கணக்கில். நம் நாட்டில் 1000 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சில மூலிகைப் பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருக்காது, பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அப்படியே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து கீழ்வரிசையில் எல்லாப் பால்பல்லுக்கும் பின்னால் பாருங்கள். ஆறு வயது வாக்கில் அங்கே பெரிய கடைவாய்ப்பல் ஒன்று முளைத்திருக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் பல வீடுகளில் அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தையானாலும் ‘எப்படியும் விழப்போகிற பல்தானே’ என்று விட்டுவிடுவார்கள். அது விழுகிற பல் இல்லை. பள்ளம் நிறைந்த பல் என்பதால் நிலைப்பற்களில் முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். உங்கள் தம்பி, தங்கைக்கு ஆறு வயது ஆகியிருந்தால், டார்ச் அடித்து, மேலும் கீழும் இரண்டு பக்கமும் முளைக்கும் அந்த நான்கையும் எண்ணிப் பார்த்து, அப்பாவிடம் பெயர் சொல்லிக் காட்டிவிடுங்கள்: மேல் வலது ஆறு, மேல் இடது ஆறு, கீழ் இடது ஆறு, கீழ் வலது ஆறு.